குசினிக் கதவு: பொலோனியாவா, லிஸ்பனா?

சாப்பாடு, சமையல், சாப்பாட்டுக்காகச் செய்யும் பயணம் பற்றி வாசகர்கள் கேட்கும் பகுதி. பதில் சொல்பவர் பாரிஸ் உணவகக் குசினிகளில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, இப்போது சுன்னாகத்தில் வசிப்பவர்.

கேள்வி: வணக்கம். நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். வருகிற ஜூன் மாதம் முதன்முறையாக ஐரோப்பா போகிறோம். சூரிச்சில் இருக்கும் மகள் வீட்டில் ஒரு மாதம் நிற்போம். நடுவில் அவள் ஐந்து நாள் லீவு எடுத்து எங்களை எங்காவது கூட்டிப் போவதாகச் சொல்கிறாள். கோபுரமும் மியூசியமும் பார்க்கிற ஆசை எங்களுக்கு இல்லை. சாப்பிடுகிற ஆசைதான். மகள் பொலோனியா என்கிறாள், இத்தாலியில் சாப்பாட்டுக்குப் பேர்போன இடம் அதுதானாம். மருமகன் லிஸ்பன் என்கிறார். எங்களை வைத்து இரண்டு பேரும் பிடிக்கிற சண்டை போனில் இங்கே வரை கேட்கிறது. நாங்கள் இருவரும் மாட்டிறைச்சி தொடுவதில்லை. கணவர் பன்றியும் சாப்பிட மாட்டார். வெள்ளிக்கிழமை சைவம், முட்டைகூட இல்லை. அவருக்குச் சீனி வருத்தம், எனக்கு முழங்கால் நோ. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் வீடு திரும்பிவிடுவோம். எந்த ஊரைச் சொல்கிறீர்கள்? இன்னொன்று, மகளுக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொண்டுபோகலாமா?
ஓய்வுபெற்ற ஆசிரியை, கொக்குவில்

பதில்: ரீச்சர், லிஸ்பன். மருமகன் கட்சி வென்றது என்று இப்போதே போன் எடுத்துச் சொல்லிவிடுங்கள். ஆனால் மகள் சொன்னதும் பொய்யில்லை. சாப்பாட்டை மட்டும் தராசில் வைத்தால் பொலோனியாத் தட்டுத்தான் தாழும் என்று சொல்லுகிற சமையற்காரர்கள் நிறையப் பேர். அவர்களோடு நான் வாதாட மாட்டேன். நீங்களும் மாஸ்டரும் எதைச் சாப்பிடுவீர்கள், எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்று எழுதிவிட்டீர்கள் அல்லவா, அந்த மூன்று வரிதான் முடிவைச் சொல்லிவிட்டது.

பொலோனியாவுக்கு நான் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். நான் வேலை செய்த இடத்துப் பெரிய சமையற்காரர் அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டினார். கலியாணத்துக்குக் குசினிக்காரர் ஆறு பேரையும் கூட்டிப்போனார். மாசி மாதம், நல்ல குளிர். மணப்பெண்ணின் பெரியம்மா பாஸ்தா மாவு தட்டுகிறதைக் காலை முழுக்க நின்று பார்த்தேன். நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை, தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. மேசையின் அகலத்துக்கு இருந்தது உருளைக்கட்டை. தட்டித் தட்டி, சுற்றிச் சுற்றி, அந்தப் பக்கம் வைத்த கை இந்தப் பக்கம் தெரிகிற மட்டும் மாவை விரித்தா. பிறகு மடித்து வெட்டினா. அதுதான் தாலியாதெல்லே. எத்தனை மில்லிமீற்றர் அகலம் என்பதற்குக்கூட அந்த ஊரில் சட்டம் மாதிரி ஒன்று இருக்கிறது. 1972இல் தங்கத்தால் ஒரு துண்டு செய்து வர்த்தகச் சங்கத்தில் கொடுத்து வைத்துவிட்டார்கள். வெந்த பிறகு 8 மில்லிமீற்றர். ஊரில் உள்ள அசினெல்லிக் கோபுரத்தின் உயரத்தை 12,270ஆல் வகுத்தால் வருகிற அளவாம். கணக்குப் படிப்பித்தவர் என்றால் மாஸ்டருக்கு இது பிடிக்கும்.

அவ்வளவு அருமையான ஊர். பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? அந்தத் தாலியாதெல்லேக்கு மேலே ஊற்றுகிற ராகு, மாட்டிறைச்சியும் பன்றி வயிற்றுக் கொழுப்பும் சேர்த்து மணிக்கணக்கில் காய்ச்சுவது. தொர்த்தெல்லினி என்று சின்ன விரல் நுனி அளவில் மடிக்கிற பாஸ்தாவுக்குள்ளே பன்றி இறைச்சி, பன்றித் தொடை, மொர்தாதெல்லா. மொர்தாதெல்லா என்பதும் பன்றிதான். இந்த மூன்றும்தான் அந்த ஊரின் பெருமை. மூன்றையும் கழித்துவிட்டால் மாஸ்டருக்கு மிஞ்சுவது ரிக்கொத்தாப் பாற்கட்டியும் கீரையும் வைத்து, வெண்ணெய் விட்டுப் பிரட்டுகிற தொர்த்தெல்லோனி. நல்ல சாமான்தான். ஆனால் ஐந்து நாளும் அதையே சாப்பிட ஆர் போவார்கள்? வெள்ளிக்கிழமை அதுவும் ஆகாது, மாவில் முட்டை இருக்கிறதே.

இன்னொரு விஷயம். இதை ஒரு உணவகத்திலும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லி வைக்கிறேன். பார்மிஜானோப் பாற்கட்டியில் பாலைத் திரைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற நொதியம். மாட்டிறைச்சி தொடாத எங்கள் வீடுகளில் அந்தச் சீஸைப் பால் சாமான்தானே என்று சைவச் சாப்பாட்டிலும் துருவிப் போடுகிறார்கள். நானும் பாரிஸ் போய்ப் பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். அறிந்த பிறகு அம்மாவுக்குச் சொல்லவில்லை.

பொலோனியாவுக்கு ஒரு புள்ளி கட்டாயம் கொடுக்க வேண்டும், அது உங்கள் முழங்காலுக்காக. ஊர் தட்டை. வீதியோரமெல்லாம் கூரை போட்ட தூண் மண்டபங்கள், 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. வெயிலும் படாமல் மழையும் படாமல் கிலோமீற்றர் கணக்கில் நடக்கலாம். லிஸ்பன் அப்படியல்ல, மேடும் பள்ளமும். நடைபாதையில் பதித்த வெள்ளைக் கல் மழை பெய்தால் வழுக்கும். சப்பாத்து நல்லதாக இருக்க வேண்டும்.

சப்பாத்து என்றதும்தான் ஞாபகம் வருகிறது. லிஸ்பனுக்கு நான் முதல் முறை போனது பாரிஸ் போய்ப் பன்னிரண்டாம் வருடம். பிரெஞ்சு மொழி எனக்குத் தலையால் தண்ணி குடித்து வந்தது. போர்த்துக்கேயம் ஒரு சொல்லும் தெரியாது. ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் போய் நின்றேன். கடைக்கார அம்மா கையைக் காட்டி ‘மேசா’ என்றா. மேசை. ‘கதேய்ரா’ என்று இழுத்துப் போட்டா. கதிரை. உள்ளே திரும்பிக் ‘குசிஞ்ஞா’வில் யாரையோ கூப்பிட்டா. எங்கள் குசினி! கூடையில் ‘பாவ்’ வந்தது, அது பாண். சாவி, அலுமாரி, துவாய், கோப்பை, நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன சப்பாத்து எல்லாம் அந்த ஊரிலிருந்து வந்த சொற்கள். போர்த்துக்கேயர் 1619இல் வந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தர் வந்து துரத்தினார்கள். நாற்பது வருடம்கூட இருக்கவில்லை, வீட்டுச் சாமானுக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கோட்டையைக் கட்டத் தொடங்கியதும் அவர்கள்தான். அவர்கள் செய்த அநியாயங்கள் உங்களுக்குத் தெரியும், படிப்பித்தவர். நான் சொல்வது அந்தக் கதிரையில் இருந்து சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றி.

அன்று சாப்பிட்டது அரோஷ் து மரிஷ்கு. கடலுணவுச் சோறு என்று அர்த்தம். மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வரும். இறால், நண்டு, மட்டி, தக்காளி, உள்ளி, அதோடு சோறு தண்ணியாக. ஒரு கரண்டி அள்ளியதும் எனக்குக் கூழ்தான் கண்ணுக்குள் வந்தது. ஒடியல் மா இல்லை, புளி இல்லை, பலாக்கொட்டை இல்லை, செத்தல் மிளகாய் இல்லவே இல்லை. ஆனாலும் நண்டுக் காலை உறிஞ்சுகிற சத்தம் அதே சத்தம். மேலே தூவியிருந்தது கொத்தமல்லி இலை. பாரிஸில் கொத்தமல்லியைக் கண்டால் முகம் சுளிக்கிற ஆட்களோடு இருந்தவனுக்கு அதைப் பார்க்கவே கண் கலங்கியது. ஐரோப்பாவில் தலைக்கு அதிகம் சோறு சாப்பிடுகிற சனமும் போர்த்துக்கேயர்தான். ஆகவே மாஸ்டர் மூன்றாம் நாள் ‘சோறு எங்கே’ என்று கேட்டு உங்கள் உயிரை எடுக்க மாட்டார்.

உறைப்பு வேண்டுமென்றால் ‘பிரிப்பிரி’ என்று கேளுங்கள், மிளகாய் ஊறிய எண்ணெய் ஒரு சின்னப் போத்தலில் வரும். அமெரிக்கக் கண்டத்து மிளகாயை எங்கள் பக்கம் ஏற்றி வந்ததும் இந்த ஆட்கள்தான். அதற்கு முன் எங்கள் குசினியில் உறைப்பென்றால் மிளகு. கொண்டு வந்து எங்களிடம் தந்துவிட்டு, தாங்கள் உப்பும் உள்ளியுமாக இருந்துவிட்டார்கள் பாவங்கள்.

நீங்கள் போவது ஜூன். இதைவிட நல்ல மாதம் அமையாது. லிஸ்பனில் ஜூன் முழுக்கச் சூடை மீன் சுடுகிற மாதம். 12ஆம் திகதி இரவு புனித அந்தோனியார் பெருநாள். அல்பாமா என்கிற பழைய பகுதியில் சந்துக்குச் சந்து வீட்டு வாசலில் கரி அடுப்பு. ஊரே புகை. எங்கள் சூடையைவிடப் பெரிது, கல்லுப்பு மட்டும் போட்டுச் சுடுவார்கள். ஒரு துண்டுப் பாணின் மேல் மீனை வைத்துத் தருவார்கள். மீனைக் கையால் பிய்த்துச் சாப்பிட வேண்டும், ஒருவரும் பார்க்க மாட்டார்கள். மீன் எண்ணெய் எல்லாம் கீழே பாணில் இறங்கி ஊறியிருக்கும். அந்தப் பாணைக் கடைசியாகச் சாப்பிடுங்கள். மருமகன் ‘பாணை விடுங்கோ மாமி’ என்பார், காதில் வாங்க வேண்டாம். ஆனால் 12ஆம் திகதி இரவு அல்பாமாவில் கால் வைக்க இடமிருக்காது, படிக்கட்டும் அதிகம். உங்கள் முழங்காலுக்கு இரண்டு நாள் முந்தியோ பிந்தியோ போவது நல்லது. அடுப்பு அப்போதும் எரியும்.

பகல்யாவு பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். உப்பிட்டு உலர்த்திய கொட் மீன். அவர்கள் கடலில் பிடிபடாத மீன், நோர்வே பக்கத்திலிருந்து வருவது, இருந்தும் இவர்கள் உயிரை விடுவது இதற்குத்தான். எங்கள் கருவாடு என்று நினைத்துப் போனால் ஏமாந்து போவீர்கள். கருவாட்டு மணம் இருக்காது. ஒரு நாள், இரண்டு நாள் தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை எடுத்துவிட்டுத்தான் சமைப்பார்கள். சதை வெள்ளையாக இதழ் இதழாகக் கழரும். முதலில் ‘பகல்யாவு அ ப்ராஷ்’ கேளுங்கள். மீனை உதிர்த்து, வெங்காயம், தலைமயிர் மாதிரிச் சீவிப் பொரித்த உருளைக்கிழங்கு, முட்டை போட்டுக் கிளறியது. எங்கள் கருவாட்டுப் பொரியலும் முட்டைப் பொரியலும் சம்பந்தம் செய்த மாதிரி இருக்கும். பிறகு ‘பஷ்தெல் து பகல்யாவு’. அது மீன் கட்லட்தான், றஸ்க் தூள் பிரட்டாத கட்லட். நடுவில் சீஸ் உருகி வழிகிற மாதிரி ஒன்றை உல்லாசப் பயணிகளுக்கென்று விற்கிறார்கள், அதைப் பார்த்தால் மற்றப் பக்கம் திரும்பி நடவுங்கள்.

பேய்க்கணவாயை அவித்து, அடுப்பில் வாட்டி, ஒலிவ் எண்ணெயும் உள்ளியும் மிதக்கத் தருவார்கள். பூப்போல இருக்கும். எங்கள் ஆட்கள் பேய்க்கணவாயைக் கண்டால் ஓடுவார்கள், நீங்கள் ஓட வேண்டாம். கணவாய் பிடிக்குமென்றால் ஒரு பகல் செத்தூபல் போய் வாருங்கள். ரயிலில் ஒரு மணித்தியாலமளவில், வண்டி ஆற்றுப் பெரும் பாலத்தின் மேலால் போகும். கணவாயைத் துண்டாக்கி மாவில் பிரட்டிப் பொரிப்பதற்கென்றே பேர்போன ஊர். அங்கே உள்ள மீன் சந்தையில் நீலமும் வெள்ளையுமாக ஓடு பதித்த சுவர். ரீச்சர், நீங்கள் கொக்குவில் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்குகிற ஆளாக இருந்தால் அந்தச் சந்தையில் இரண்டு மணித்தியாலம் நிற்பீர்கள். மட்டியை ஒலிவ் எண்ணெய், உள்ளி, கொத்தமல்லியில் திறக்க வைக்கிற கறி ஒன்று உண்டு, ‘அமேய்ஜுவாஷ் அ புல்யாவு பாத்து’, ஒரு கவிஞரின் பெயரில் வழங்குவது. அதில் பெரும்பாலும் வெள்ளை வைன் சேர்ப்பார்கள். வேண்டாமென்றால் முன்பே கேட்டுவிடுங்கள்.

இரண்டு இடத்தில் பன்றி ஒளிந்திருக்கும், மாஸ்டருக்குச் சொல்லி வையுங்கள். ‘கால்து வெர்து’ என்கிற பச்சைக் கீரைச் சூப்பில் சூரிசு என்ற பன்றித் துண்டு ஒன்றை மிதக்க விடுவார்கள். ‘பிபானா’ என்று பாணுக்குள் வைத்துத் தருவது முழுக்கப் பன்றி. ‘சைங் சூரிசு’ என்றால் சூரிசு இல்லாமல். ஆனால் காய்ச்சும்போதே போட்டுவிட்டார்களா என்றும் மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

சரி, வெள்ளிக்கிழமை. எனக்குத் தோன்றிய வழி, சனிக்கிழமை போய்ப் புதன்கிழமை திரும்புவது. வெள்ளியே வராது! அப்படிச் செய்தால் திங்கட்கிழமை ஒன்று நடுவில் வரும். ஞாயிறு வள்ளம் போகாதபடியால் திங்கள் பச்சை மீன் அவ்வளவு விசேஷமில்லை, மீன் சந்தைகளும் பூட்டு. அன்று பகல்யாவு சாப்பிடுங்கள். உலர்ந்த மீனுக்கு ஏது திங்களும் செவ்வாயும்.

மகளுக்கு லீவு வெள்ளியோடுதான் கிடைக்குமென்றால் அதற்கும் வழியுண்டு. லூமியார் பகுதியில் குஜராத்திச் சனங்கள் கட்டிய ராதா கிருஷ்ணர் கோயில் இருக்கிறது. மொசாம்பிக்கிலிருந்து வந்த குடும்பங்கள். கோயிலோடு சேர்ந்த சாப்பாட்டிடத்தில் சைவச் சாப்பாடு. திறக்கிற நேரத்தை மகள் முன்கூட்டியே பார்க்கட்டும். மர்த்திம் மொனிஸ் சதுக்கத்தைச் சுற்றி வங்காளதேசத்தவரின் கடைகள், சோறும் பருப்பும் கிடைக்கும். இரவுக்குப் பாண், ஒலிவ் காய், ஜூன் மாதத்துச் செரிப் பழம், அதோடு அசெய்தாவ் என்கிற சின்ன ஆட்டுப்பாற்கட்டி. மேல் தோலை வெட்டித் திறந்து கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவது. அந்தப் பாலைத் திரைய வைப்பது ஒரு வகை முட்செடியின் பூ. கன்றுக்குட்டி சம்பந்தமே இல்லை. பார்மிஜானோ கதையை வாசித்து மாஸ்டருக்கு மனம் நொந்திருந்தால் இதைக் காட்டித் தேற்றுங்கள்.

இனிப்பு. சீனி வருத்தக்காரருக்கு லிஸ்பன் ஒரு சோதனைதான். முட்டை மஞ்சட்கருவும் சீனியும் சேராத பலகாரம் அங்கே அருமை. பஷ்தெல் து நாத்தா என்கிற முட்டைப் பால் அப்பத்தைச் சாப்பிடாமல் வந்தால் ஊரில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல முடியாது. பெலேமில், ஜெரோனிமோஸ் மடத்துக்குப் பக்கத்தில் 1837இலிருந்து சுட்டு விற்கிற கடை இருக்கிறது. வாசலில் வரிசை நீளம், ஆனால் அது எடுத்துக்கொண்டு போகிறவர்களின் வரிசை. உள்ளே நிறைய மேசை உண்டு, நேரே போய் இருங்கள். ஒன்றை வாங்கி இருவரும் பாதி பாதி. மேலே கறுவாத்தூள் தூவச் சொல்லுங்கள். கறுவாவுக்காகத்தானே அவர்கள் எங்கள் தீவுக்கு வந்து ஒட்டிக்கொண்டார்கள், அதையும் அங்கேயே ஒருக்கால் ருசி பார்த்து வைப்போம்.

காசு விஷயத்தில் நான் பட்டது ஒன்று. மேசையில் இருந்ததும் கேட்காமலே பாண், ஒலிவ், சீஸ், மீன் பசை எல்லாம் கொண்டுவந்து அடுக்குவார்கள். ஆகா, என்ன உபசாரம் என்று நானும் கூட்டாளியும் வழித்துச் சாப்பிட்டோம். பில்லைப் பார்த்தால் முக்கால்வாசி அதுதான். எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன், பிழை என்னுடையது. தொடாமல் திருப்பி அனுப்பினால் காசு இல்லை. சுட்ட மீனுக்கு விலை கிலோக் கணக்கில் எழுதியிருப்பார்கள், தட்டுக் கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். ‘மேய தோஸ்’ என்றால் அரைப் பங்கு, எங்கள் வயதுக்கு அது ஒருவருக்குப் போதும். மத்தியானம் ‘ப்ராத்து து தியா’, அன்றைய சாப்பாடு என்று பலகையில் சோக்கட்டியால் எழுதியிருக்கிற கடைக்குள் நுழையுங்கள். எழுத்து எவ்வளவு கிறுக்கலாக இருக்கிறதோ சாப்பாடு அவ்வளவு நன்றாக இருக்கும். ரீச்சருக்கு இது மனத்துக்குக் கஷ்டம்தான்.

தங்குவதற்கு மேட்டுப் பக்கம் வேண்டாம். அல்வலாதே மாதிரித் தட்டையான, மெற்றோ ஓடுகிற பகுதியில் அறை எடுங்கள். உள்ளூர்ச் சனம் சாப்பிடுகிற கடைகளும் அங்கேதான் அதிகம். சூரிச்சிலிருந்து விமானத்தில் மூன்று மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். விசாவுக்கு வேறு ஒன்றும் செய்யத் தேவையில்லை. சுவிஸில்தான் அதிக நாள் நிற்கிறீர்கள், ஆகவே சுவிஸ் விசா கேட்டால் போதும், அது ஷெங்கன் விசா, போர்த்துக்கலுக்கும் செல்லும். விண்ணப்பத்தில் லிஸ்பன் ஐந்து நாளையும் மறைக்காமல் எழுதுங்கள்.

கறுத்தக்கொழும்பான்: கொண்டுபோக முடியாது. தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் பழம், இலை, கிழங்கு ஒன்றையும் விடுவதில்லை. அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சம்பழம், இந்த ஐந்துக்கும் மட்டும் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். கறிவேப்பிலையும் தடை, ஒளித்துக்கொண்டு போய் விமான நிலையத்தில் மகளுக்கு முன்னால் தலைகுனிய வேண்டாம். நெய், இறைச்சி வற்றல் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். வறுத்து இடித்த மிளகாய்த்தூள் போகும். அதில் ஒரு சின்னப் போத்தலை லிஸ்பனுக்கும் கைப்பையில் வையுங்கள், அந்தக் கடலுணவுச் சோற்றுக்கு ஒரு சிட்டிகை போட்டால் என்ன ஆகிறதென்று எனக்கும் எழுதுங்கள். நான் இருந்த காலத்தில் அதைச் செய்து பார்க்கத் தோன்றவில்லை. மாம்பழத்தை, போகிற நாள் காலையில் முற்றத்தில் இருந்து நீங்கள் இருவரும் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். மகளுக்குப் படம் அனுப்ப வேண்டாம், அழுவாள்.